இரண்டு எலுமிச்சம்பழம்

எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி முத்துவீரன் மாமா ஒரு கஞ்சன். இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை. மற்றக் கோயில்களில் வாகனத்துக்குப் பூசை போட்டால் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். முத்துவீரன் மாமா முன்சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வைப்பார். முன்சக்கரம் நசுக்கட்டும், பின்சக்கரம் அதையே மிதித்துக்கொண்டு வரட்டும், ஒரே பழத்தில் இரண்டு வேலை முடிந்துவிடும் என்பார். மிச்சப் பழங்கள் அவர் வீட்டு ஊறுகாய்ப் போத்தலுக்குப் போகும். அந்தக் கஞ்சத்தனம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் மகள் தனுஜா இன்றைக்கு... வேண்டாம், அதை என் வாயால் சொல்லமாட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஜீவராணி. தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் என்று சொல்வதே எனக்குப் பயந்துதான். என் புருஷன் கிருஷ்ணகுமாருக்குக் கோபமே வராது. அவிசாவளையில் ஒரு முதலாளியின் லொறியைப் பல வருஷம் ஓட்டியவர், கை சுத்தம், வாய் சுத்தம். அவருக்கு ஒரே ஒரு பலவீனம், பளபளப்பாக எதைக் கண்டாலும் மயங்கிவிடுவார். என்னைக் கட்டியதும் அதனால்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

வேன் வாங்கும் யோசனை பள்ளிக்கூட பஸ்ஸால் வந்தது. தோட்டத்தில் எங்கள் டிவிஷன் பிள்ளைகள் கீழே சந்திக்கு இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். சந்தியில் ஒரு கூரை கிடையாது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது, வருஷத்தில் பாதி நாள் வானம் எங்கள் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் நனையாமல் இருக்க மரத்துக்கு ஒருத்தராய்ப் பிரிந்து நிற்பார்கள். வளைவில் திரும்புகிற பஸ்காரனுக்குச் சந்தியில் ஒருத்தரும் இல்லாத மாதிரித் தெரியும், வேகத்தைக் குறைக்காமல் போய்விடுவான். இவர்கள் ஓடி வருவதற்குள் பின்பக்கத்துப் புகைதான் மிஞ்சும். தனுஜா சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருஷம். வாரத்தில் இரண்டு நாளாவது ஈரச் சீருடையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதைப் பார்த்து நான் பஸ்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். என் புருஷன் திட்டவில்லை. "நானே ஒரு வேன் எடுத்து ஓட்டுறேன்" என்றார்.

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வெளிநாட்டிலிருந்து வாகனம் வராமல் நின்றிருந்த வருஷங்கள் அவை. பழைய வண்டியின் விலை பவுன் விலை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அடிபடாத வண்டியை எங்களைப் போன்றவர்கள் கனவில்தான் ஓட்டலாம். கேகாலைப் பக்கத்தில் ஒரு தரகர் ஒரு வேனைக் காட்டினார். அது மோதி அடிபட்டு டிங்கர் வேலை பார்த்த வண்டி என்பதை அவர் மறைக்கவில்லை. சின்ன அடி, பம்பரும் லைட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறோம், அவ்வளவுதான் என்றாராம். அந்த வெள்ளைப் பெயின்டில் தன் முகம் தெரிவதைப் பார்த்தபிறகு என் புருஷனுக்கு வேறு எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

வேன் லயத்துக்கு வந்த நாளில் தீபாவளி வந்தமாதிரி இருந்தது. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அந்தோனியம்மா அக்கா தன் மகன் ஜூட்டுக்கு ஜன்னலோர சீட் என்று அப்போதே துண்டு போட்டு வைத்தாள். தனுஜா கடைசி சீட்டின் நடுவில் உட்கார்ந்து, அதுதான் தன் இடம், திங்கட்கிழமையிலிருந்து ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டாள். என் புருஷன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் வந்தால் நான் யாரையாவது அதட்டுவேன், அன்றைக்கு ஊரையே அதட்டினேன்.

வெள்ளிக்கிழமை பூசை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, முத்துவீரன் மாமா தன் வழக்கப்படி இரண்டு பழத்தை முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். கற்பூரம் காட்டி முடிந்ததும் என் புருஷன் வண்டியை மெல்ல எடுத்தார். இரண்டு பழமும் பட்டென்று நசுங்கின. எல்லோரும் கைதட்டினோம். வலது பக்கத்தில் பின்சக்கரமும் அதே பழத்தின்மேல் ஏறிப் போனது. இடது பக்கத்தில் மட்டும், நசுங்கிய பழம் சதையும் விதையுமாய்க் கிடக்க, பின்சக்கரம் அதைத் தொடாமல் வெளிப்பக்கமாக விலகிப் போனது.

கைதட்டல் நின்றுவிட்டது. என் புருஷனின் முகம் சின்னதாகிப் போனது. பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் கண்ணூறு என்று முணுமுணுத்தார்கள். முத்துவீரன் மாமா வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, மடியிலிருந்து மூன்றாவது பழத்தை எடுத்தார். அதை எடுக்க அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இடது பின்சக்கரத்துக்கு முன்னால், டயரோடு ஒட்டி வைத்தார். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது. அம்மா கேட்டாள், கொடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்றார்.

சக்கரம் பழத்துக்கு வரவில்லை என்றதும் பழத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோனோம். ஏன் வரவில்லை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். யாருடைய கண்ணாக இருக்கும் என்று கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மிளகாய் சுற்றிப் போட்டேன், பின்பக்கத்தில் கறுப்புக் கயிறு கட்டினேன். அந்தோனியம்மா அக்கா சும்மா இருப்பாளா? அவள் அதற்குப் பிறகு வண்டியை மாதா கோயிலுக்கு ஓட்டவைத்தாள். பாதர் தீர்த்தம் தெளித்தார். இரண்டு மதத்துக் காவலோடும் வேன் லயத்துக்குத் திரும்பியது.

ஓட்டும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுப்பதாக என் புருஷன் அன்று மாலையே சொன்னார். சொல்லிவிட்டு, ரோடு அந்தப் பக்கம் சாய்வு என்று அவரே காரணமும் சொன்னார். மேல்வளைவில் திரும்பும்போது தரைக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் அடித்திருக்கும் என்றார். பிடித்துப்போன பொருளுக்குக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? பெண் பார்க்கப் போனவன் கதைதான்.

சனிக்கிழமை. வெட்டி எடுத்த பாலை வாளிகளில் கொண்டுவந்து, ரோட்டோரத்துக் கொட்டிலில் நிறுவைக்கு வரிசையாக நின்றிருந்தோம். என் புருஷன் என்னை ஏற்றிப்போக வேனோடு வந்தார். ஏற்றிப்போக என்பது சும்மா. பால் வெட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் வண்டியைக் காட்டவேண்டும், அதுதான் விஷயம். வேனைப் பார்க்கப் பின்னுக்கு நகர்ந்த அந்தோனியம்மா அக்கா தன் வாளியிலேயே கால் தட்டி, பால் முழுவதும் தார் ரோட்டில் ஓடியது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, என் புருஷன் வேனை அந்தப் பாலுக்குள்ளாகவே ஓட்டிப்போய்க் கொட்டிலைத் தாண்டி நிறுத்தினார்.

நான் அக்காவைத் திட்டுவதற்காகத்தான் ரோட்டைப் பார்த்தேன். கறுப்புத் தாரில் டயர் போன தடம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. இடது பக்கத்தில் ஒரு தடத்தின்மேல் இன்னொன்று சரியாக விழாமல், வெளியே தள்ளி விழுந்திருந்தது. கோயில் வாசலில் நசுங்கிக் கிடந்த பழமும் அதைத் தொடாமல் போன சக்கரமும் சட்டென்று கண்முன்னே வந்தன.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து அதிகாரி சின்னத்துரையின் ஜீப் அதே பாலில் ஏறிப் போனது. குனிந்து பார்த்தேன். பக்கத்துக்கு ஒரே ஒரு கோடு, கோடு போடுகிற தடியால் இழுத்தமாதிரி. முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் போயிருந்தது.

என் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, நான் திருப்பி எடுத்திருப்பேன், அதுதான் அப்படி விழுந்திருக்கிறது என்று சிரித்தார். இல்லை, நேராகத்தான் போனீர்கள் என்றேன். பாலை வைத்து வண்டி பார்க்கிற ஒரே பொம்பளை உலகத்திலேயே நீதான் என்றார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைக் கிளப்பிவிட்டது.

என் வாளி நிறுக்காமல் வைத்தபடியே இருந்தது. விடியற்காலையிலிருந்து மரம் மரமாய்ச் சிரட்டை சிரட்டையாய்ச் சேர்த்த பால். அதைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் போனேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஊற்றிக்கொண்டே நடந்தேன். கங்காணி என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டியது தெரிந்தது. பால் வெட்டுகிற எவளும் பாலை ரோட்டில் ஊற்றமாட்டாள்.

"இப்ப நேரா ஓட்டுங்க" என்றேன். "ஸ்டேரிங்க ஒரு பக்கமும் திருப்பாதீங்க. அப்பறம் எறங்கி வந்து பாருங்க."

அவர் ஓட்டினார். இறங்கி வந்தார். தடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முதலில் இடது பக்கத்தில் விரலை வைத்து அளந்தார், மூன்று விரல் வெளியே. பிறகு எழுந்துபோய் வலது பக்கம் அளந்தார், அங்கே மூன்று விரல் உள்ளே. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று அந்த நேரம் எனக்கே ஆசையாக இருந்தது.

"ரெண்டு பக்கமும் வெளிய விழுந்திருந்தா பின்னுக்கு அகலம் கூடன்னு சொல்லிறலாம்" என்று தாரைப் பார்த்தே பேசினார். "இது ஒரு பக்கம் வெளிய, ஒரு பக்கம் உள்ள. முன்பக்கம் ஒரு தெசை, பின்பக்கம் ஒரு தெசை. நண்டு மாதிரி போகுது புள்ள."

அந்தோனியம்மா அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை ஜூட் உட்காரப்போகிற ஜன்னலோரத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அன்றைக்குச் சம்பளக் கணக்கில் எனக்குப் பேர் போடவில்லை, பால் இல்லாமல் எப்படிப் போடுவார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவிசாவளையிலிருந்து நிஸார் நானா தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். லொறி ஓட்டிய காலத்திலிருந்து என் புருஷனுக்குப் பழக்கமான கராஜ்காரர். நல்ல மனுஷர், ஆனால் ஒரு வேலையைத் தொடங்குமுன் மூன்று வெற்றிலையாவது போடவேண்டும். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, கட்டைகளை அடுக்கி, அடியில் படுத்தார். கறுப்பாய்த் தார் மாதிரி ஏதோ அடித்திருந்ததைச் சுரண்டினார். கதவுக்குக் கீழே ஓடுகிற இரும்புச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி அழுத்தினார். ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பட்டித் தூள் கொட்டியது. அதன் பின்னாலேயே, சுருட்டித் திணித்திருந்த ஒரு பழைய சிங்களப் பேப்பர் வந்தது.

அவர் படுத்தபடியே விளக்கினார். இது சின்ன அடி இல்லை, வண்டி நடுவிலேயே மடங்கியிருக்கிறது. ஒழுங்காகச் செய்வதென்றால் வண்டியின் எலும்புக்கூடான செஸியைச் சட்டத்தில் பூட்டி, அளவு பார்த்து இழுத்து நேராக்கி, வெட்டவேண்டியதை வெட்டிப் புது இரும்பு வைத்து வெல்டிங் பண்ணவேண்டும். இவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் இழுத்துவிட்டு, கிழிந்த இடத்தில் தகரம் வைத்துப் புள்ளி புள்ளியாய் ஒட்டி, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஓடும், கொஞ்ச நாளைக்கு நன்றாகவே ஓடும். எங்கேயாவது பலமாகப் பிரேக் அடித்தால், அல்லது இன்னொரு தரம் முட்டினால், காலிப் பெட்டியை மிதித்தமாதிரி நடுவில் மடிந்துவிடும்.

பிறகு அவர் எழுந்து உள்ளே ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனார். கம்பளத்தை விலக்கி, சீட்டின் காலைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினார். மூன்றாம் தரம் தூக்கினார். போல்ட்டும் அதைப் பிடித்திருந்த தகரமும் சீட்டோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டன. கீழே எங்கள் வாசல் மண் தெரிந்தது. அந்த இடத்துக்கு நேரே மேலேதான் தனுஜாவின் நடு சீட்.

கத்தவேண்டும் போல இருந்தது, சத்தம் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தரம்தான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தனுஜாவிடம் போய் அவள் தலையைப் பிடித்து என் தோளோடு அழுத்திக்கொண்டேன். அவள் என்னம்மா என்னம்மா என்று திமிறினாள்.

இதைச் சரிப்படுத்த முடியாதா என்று என் புருஷன் கேட்டார். செய்கிறவன் செய்வான், அதற்கு ஆகிற செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம், தகரத்தின்மேல் தகரம் வைக்கச் சொன்னால் நான் வைக்கமாட்டேன் என்றார் நிஸார் நானா. எஞ்சின் மட்டும் நல்ல எஞ்சின், கழற்றித் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். நாலாவது வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் என் புருஷன் தரகருக்குப் போன் எடுத்தார். அங்கே பெரிய சண்டை நடக்கும், தேவைப்பட்டால் நானும் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கலாம் என்று சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சண்டையே வரவில்லை. தரகர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். இதற்கு ஏன் கவலைப்படுகிறீர்கள், ஓட்டையை மூடி வண்டியைக் கொண்டுவாருங்கள், ரக்வானைப் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு வேன் தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்கு வேறு வண்டி பார்த்துத் தருகிறேன் என்றார். நாளைக் காலை முடிவு சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

என் புருஷன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேனுக்காக அவர் எத்தனை வருஷம் இன்னொருத்தன் லொறியில் முதுகு தேய உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியும். ஒரே ஒரு தலையாட்டல் போதும், எங்கள் தலைவலி ரக்வானைக்குப் போய்விடும். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் அது என் கோபத்துக்குப் பயந்து செய்ததாக ஆகிவிடும். அவராகச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவினேன், கையையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. வாசலில் வேனும் இல்லை. ரக்வானைக்காரனுக்கு விற்கப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தலையைக்கூட முடியாமல் கீழே சந்தி வரைக்கும் ஓடினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

சந்தியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் வேன் நின்றது. லயத்திலிருந்து ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடியில் இறப்பர் மரக் கட்டைகளை அடுக்கியிருந்தார். மூன்று சக்கரங்கள் கழன்று புல்லில் கிடந்தன. நாலாவதின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், அந்த இடது பின்சக்கரம்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த ரக்வானைக்காரன் பூசை போடுவான்ல" என்றார். "அவங்க கோயில்ல நாலு பழம் வைப்பாங்க புள்ள. நாலு வச்சா நாலையும் நசுக்கிக்கிட்டு நேரா போயிரும். அவனுக்கு ஒன்னுமே தெரியாது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அந்த நேரம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. கை முழுக்க கிரீஸ். அதனால் நட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் இல்லாத வண்டியை இனி யாரும் யாருக்கும் விற்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அன்று காலை தூறல் மழையானது. பஸ்ஸுக்கு வந்த பிள்ளைகளை, மரத்தடியில் நிற்காதீர்கள், உள்ளே ஏறுங்கள் என்று என் புருஷன் வேனுக்குள் ஏற்றினார். பிடுங்கிய சீட் இருந்த இடத்தில் பலகை போட்டார். எஞ்சினை நிஸார் நானா எடுத்துப் போனதும், முன்பக்கத்தில் ஒரு காஸ் அடுப்பை வைத்தோம். பால் வெட்டப் போகுமுன் நான் வடைக்கு அரைத்துக் கொடுத்தேன், அவர் சுட்டார், தேநீர் ஊற்றினார். சந்தியில் கடை போடச் சின்னத்துரை முதலில் முணுமுணுத்தார். ஒரு நாள் மழையில் ஜீப் நின்றுபோய், உள்ளே வந்து உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடன் கழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை நினைத்துக் கண்ணைக் கசக்க எனக்கு நேரம் இல்லை, உழுந்து ஊறவைக்கவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எங்களைப் பார்க்காமலே பறந்த அந்த பஸ் இப்போது தவறாமல் நிற்கிறது. முதல் வாரம் டிரைவர் வடை வாசனைக்கு நிறுத்தினான். இரண்டாம் வாரம் கொண்டக்டர் இறங்கி, இஞ்சி போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்த பிளேன்டீயை இரண்டு கோப்பை வாங்கினான். இப்போது அது இல்லாமல் அவர்களுக்கு மலை இறங்க முடியாது. அவர்கள் குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் எல்லோரும் நனையாமல், தள்ளுமுள்ளு இல்லாமல் ஏறிவிடுவார்கள். அவனுடைய ஏழு தலைமுறையையும் நான் திட்டிய திட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறேன். நான்கு தலைமுறை வரைக்கும் மன்னித்தாயிற்று.

முத்துவீரன் மாமாவும் வருவார். ஒரு நாள் நான் பழம் நறுக்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தில் எத்தனை தேநீர் ஊற்றுவாய் என்று கேட்டார். நான்கு என்றேன். ஆறு ஊற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தார். என் மகளின் உயிரைக் காப்பாற்றிய கஞ்சத்தனம் அது. அவரிடம் மட்டும் நான் தேநீருக்குக் காசு வாங்குவதில்லை. அதற்காகவே தினமும் இரண்டு தரம் வருகிறார்.

தாரில் விழுந்த அந்தப் பால் தடம் காய்ந்து தோலாகி, மழையில் கொஞ்சம் கொஞ்சமாய் உரிந்து போனது. மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டை உரித்து எடுத்து, வேனின் கண்ணாடியில், முன்பு மாலை தொங்கிய இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என்ன அது என்று கேட்கிறவர்களுக்கு, குறிப்பாக வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு, பாதர் பிரசங்கம் வைக்கிற அளவு நேரம் இந்தக் கதையைச் சொல்வேன். வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீரையாவது ரோட்டில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள் என்பேன். என் புருஷன் அந்தப் பக்கம் திரும்பி வடையைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

வேனில் பற்றரி இருக்கிறது, ஹோர்னும் இருக்கிறது. மேல்வளைவில் பஸ்ஸின் தலை தெரிந்ததும் அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடிப்பார். பிள்ளைகள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்குவார்கள், ஜூட் முன்னால், தனுஜா கடைசியில். அவள்தான் கதவை இழுத்துச் சாத்துவாள். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு வளைவில் மறையும் வரைக்கும் அவர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

பிறகு என்னைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், தினமும் இதையே சொல்வார்.

"இன்னைக்கும் எல்லாத்தையும் பத்திரமா எறக்கி விட்டுட்டேன் புள்ள."